வாங்குற சம்பளம் வேற... உங்க மதிப்பு வேற!



கேம்பஸ் இன்டர்வியூ சீசன் வந்துட்டாலே காலேஜ் கேன்டீன்ல ஒரு வார்த்தை ரவுண்டு கட்ட ஆரம்பிச்சிடும். ‘பேக்கேஜ்!’

‘மச்சி, உனக்கு எவ்ளோ பேக்கேஜ்?’ இதுதான் முதல் கேள்வி. என்ன வேலை, எந்த ஊர், யார்கிட்ட கத்துக்கப் போறே... இதெல்லாம் அப்புறம். நேத்து வரைக்கும் ஒரே சமோசாவைப் பிட்டு ரெண்டு பேரா சாப்பிட்டவங்க, ஆஃபர் லெட்டர் வந்த மறுநாள் தனித்தனி டேபிள்ல உட்கார்ந்திருப்பாங்க. ஒருத்தர் முகத்துல ஆயிரம் வாட்ஸ் பல்பு. இன்னொருத்தர் முகத்துல பவர் கட்!

போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மயிலாப்பூர் குளத்துப் பக்கம் நம்ம வாசகர் ஒருத்தர், பி.காம் கடைசி வருஷம் படிக்கிற தம்பி, என்னைப் பார்க்க வந்திருந்தார். முகத்துல பவர் கட்.

“அண்ணா, கையில ரெண்டு ஆஃபர் இருக்கு. ஒண்ணு கால் சென்டர். நைட் ஷிஃப்ட், மாசம் 22,000. இன்னொண்ணு ஆடிட்டர் ஆபீஸ், 9,000. எனக்குப் புடிச்சது ஆடிட்டர் ஆபீஸ் வேலைதான். ஆனா 9,000-னு அந்தப் பேப்பர்ல பார்த்ததுலேர்ந்து தூக்கமே வரல. மூணு வருஷம் படிச்ச நான் இவ்ளோதானாண்ணா?”

கொஞ்ச நேரம் குளத்தையே பார்த்துட்டிருந்தார். அப்புறம் மெதுவா சொன்னார்.

“அம்மா ரங்கநாதன் தெருவுல ஒரு ஜவுளிக்கடையில சேல்ஸ்ல இருக்காங்க. பதினோரு வருஷமா நின்னுக்கிட்டே வேலை. கால் ரெண்டும் வீங்கிப் போயிருக்கு. நான் வேலைக்குப் போயிட்டா அவங்க உட்காரலாம்னு நெனச்சிட்டிருந்தேன்.”

எனக்குச் சட்டுனு பதில் வரல. ஏன்னா அவர் கேட்டது ரெண்டு கேள்வி. எந்த வேலைக்குப் போறதுங்கறது ஒண்ணு. ‘நான் எவ்ளோ பெறுவேன்’ங்கறது இன்னொண்ணு. ரெண்டையும் சேர்த்து ஒரே முடிச்சா போட்டுட்டார். நாம எல்லாருமே போடுற முடிச்சுதான் அது. இந்த வாரம் அதைக் கொஞ்சம் அவிழ்த்துப் பார்க்கலாமா?

மயிலாப்பூர் பொண்ணு எடுத்த முடிவு

அதே மயிலாப்பூர்ல 1927 மார்ச் 11-ம் தேதி பிறந்த ஒரு பொண்ணு கதையைத்தான் அன்னிக்கு அந்தத் தம்பிகிட்ட சொன்னேன். இப்போ பி.எஸ்.சிவசுவாமி பள்ளின்னு சொல்றோமே, அந்தப் பள்ளிக்கூடத்துலதான் அவங்க படிச்சாங்க. அப்போ அதுக்குப் பேரு நேஷனல் கேர்ள்ஸ் ஹைஸ்கூல். அப்புறம் சென்னை மருத்துவக் கல்லூரி. 1949-ல் எம்.பி.பி.எஸ்., 1952-ல் டி.ஜி.ஓ., 1955-ல் எம்.டி. சர்வீஸ் கமிஷன் தேர்விலும் பாஸ். மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் அரசு டாக்டர் போஸ்ட்டிங் கையில ரெடி!

1955-ல் ஒரு பொண்ணுக்கு சர்க்கார் டாக்டர் உத்தியோகம். சும்மாவா? சம்பளம், பென்ஷன், ஊர்ல மரியாதை எல்லாம் சேர்ந்து வர்ற வேலை. வேற யாராவதா இருந்தா வீட்டுக்கு வீடு லட்டு கொடுத்திருப்பாங்க.

அந்தப் பொண்ணு என்ன பண்ணினாங்க தெரியுமா? அந்தப் போஸ்ட்டிங்கை வேண்டாம்னு சொல்லிட்டு அடையாறுக்குப் போனாங்க.

அடையாறுல அப்போ என்ன இருந்துச்சு? அதுக்கு முந்தின வருஷம், 1954-ல்தான் ஆரம்பிச்ச ஒரு குட்டி ஆஸ்பத்திரி. 12 படுக்கை. ஒரே ஒரு கட்டடம். கருவிகள் ரொம்பச் சொற்பம். கேன்சர் வந்துட்டா அவ்ளோதான்னு ஊரே முடிவு கட்டியிருந்த காலத்துல, கேன்சருக்குன்னே ஒரு ஆஸ்பத்திரி! இந்தப் பொண்ணு போய்ச் சேர்ந்ததும் மொத்தம் ரெண்டு டாக்டர். முதல்ல கௌரவ டாக்டரா வேலை. அப்புறம் மாசம் 200 ரூபாய் சம்பளம், தங்கறதுக்கு அந்த வளாகத்துக்குள்ளேயே ஒரு இடம். அவ்வளவுதான் ‘பேக்கேஜ்’!

இந்நேரம் கண்டுபிடிச்சிருப்பீங்க. அவங்கதான் டாக்டர் வி.சாந்தா.

1955-ல் அந்த வளாகத்துக்குள்ள குடிபோனவங்க, 2021 ஜனவரி 19-ம் தேதி 93 வயசுல காலமாகிற வரைக்கும் அதைவிட்டு வேற இடம் போகல. 12 படுக்கை 400-க்கு மேல ஆச்சு. 1980-லேர்ந்து 1997 வரைக்கும் அதுக்கு இயக்குநர். 1986-ல் பத்மஸ்ரீ, 2005-ல் மகசேசே விருது, 2006-ல் பத்மபூஷண், 2016-ல் பத்மவிபூஷண். இன்னிக்கு அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்னு சொன்னா, தமிழ்நாட்டுல எந்த மூலையில பஸ் ஏறுறவங்களுக்கும் தெரியும்.

இப்போ யோசிச்சுப் பாருங்க. 1955-ல் அந்த 200 ரூபாயை வெச்சு அவங்க மதிப்பைக் கணக்குப் போட்டிருந்தா என்ன விடை வந்திருக்கும்?

கூட ஒருத்தர் இருந்தார்

கதையோட பாதியைத்தான் சொல்லியிருக்கேன். சாந்தா அந்த முடிவை அந்தரத்துல எடுக்கல. அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில இருந்த இன்னொரு டாக்டர் எஸ்.கிருஷ்ணமூர்த்தி. தன்னோட வழிகாட்டின்னு சாந்தா காலம் முழுக்கச் சொன்னது அவரைத்தான்.

கிருஷ்ணமூர்த்திக்குப் பின்னாடி அவரோட அம்மா. யாரு? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி! புதுக்கோட்டையில பையன்கள் காலேஜ்ல ஒரு பொண்ணைச் சேர்க்கக் கூடாதுன்னு எதிர்ப்பு வந்தும் சேர்ந்து படிச்சவங்க. 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில சேர்ந்து 1912-ல் டாக்டரா வெளியே வந்தவங்க. 1927-ல் சென்னை மாகாண சட்டமன்ற மேலவைக்குள்ள போன முதல் பெண். சொந்தத் தங்கச்சியை கேன்சருக்குப் பறிகொடுத்தவங்க. அந்த வலியைப் பல வருஷம் சுமந்து, நன்கொடை திரட்டி, அடையாறு ஆஸ்பத்திரியைத் திறக்கும்போது அவங்களுக்கு வயசு 67!

ஒரு பக்கம் ‘உன்னால முடியும், வா’ன்னு கூப்பிட ஒருத்தர். இன்னொரு பக்கம், ‘நானே இந்த வழியிலதான் நடந்து வந்தேன்’னு வாழ்ந்து காட்டுற ஒருத்தர். சாந்தாவுக்கு ரெண்டுமே கிடைச்சது. அந்த 200 ரூபாய் வேலையில கிடைச்ச பெரிய சம்பளம் இதுதான்னு நான் சொல்வேன். எந்த ஆஃபர் லெட்டர்லயும் இதுக்குன்னு ஒரு கட்டம் இருக்காது. நாமதான் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கணும்.

ஒரு நிமிஷம்... அவசரப்படாதீங்க!

‘அப்போ கம்மி சம்பள வேலைக்குத்தான் போகணும்னு சொல்றீங்களா? இதைத்தானே எல்லா முதலாளியும் சொல்றாங்க!’ன்னு நீங்க முணுமுணுக்கறது கேக்குது. நியாயமான முணுமுணுப்பு. அதனால இப்போ என் கதை.

எனக்கு 22 வயசு. தி.நகர்ல, உஸ்மான் ரோட்டை ஒட்டின ஒரு சந்துல மாடி ஏறினா ஒரு சின்ன டி.டி.பி. ஆபீஸ். பேரு வேண்டாமே. மாசம் 1,800 ரூபாய்க்குச் சேர்ந்தேன். ‘ஃப்ரெஷர்தானே... கத்துக்கத்தானே வந்திருக்கே?’ன்னு ஓனர் சொன்னார். ஆமான்னு தலையாட்டினேன்.

ஒன்றரை வருஷம் ஆச்சு. டைப் அடிக்கறது நான். புரூஃப் பார்க்கறது நான். பிரஸ்ஸுக்கு ஓடுறது நான். ஓனர் வீட்டு கரன்ட் பில் கட்டறதும் நான்! சம்பளம் மட்டும் அதே 1,800. கேக்கலாம்னு நெனைப்பேன். கேபின் கதவு வரைக்கும் போவேன். நாக்கு ஒட்டிக்கும். திரும்பி வந்துடுவேன். ‘நமக்கெல்லாம் இதுவே அதிகம்’னு மனசுக்குள்ள ஒரு குரல். அதை அடக்கம்னு நெனச்சிட்டிருந்தேன்.

அங்கே புரூஃப் ரீடரா ஒரு பெரியவர் பகுதி நேரமா வருவார். அண்ணன்னுதான் கூப்பிடுவோம். ஒருநாள் ராத்திரி, கையேந்தி பவன்ல இட்லி சாப்பிட்டுட்டு இருக்கும்போது புலம்பித் தள்ளிட்டேன். ஆறுதல் சொல்வார்னு எதிர்பார்த்தேன். சாப்பிட்டு முடிச்சு, கை கழுவிட்டு வந்து சொன்னார்:

“ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கு. தெனம் ஆபீஸ் விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி, இன்னிக்கு என்ன செஞ்சேன்னு எழுது. ஒரு மாசம் கழிச்சு எங்கிட்ட காட்டு.”

எழுதினேன். காட்டினேன். சிவப்புப் பேனாவை எடுத்தார். புரூஃப் திருத்தற மாதிரியே ஒவ்வொரு வரியா பார்த்தார். சில வரிகளுக்கு டிக். சில வரிகளை அடிச்சார்.

“டிக் போட்டதெல்லாம் உன் வேலை. அதுல நீ கெட்டிக்காரன். அது உனக்கே தெரியல. அடிச்சதெல்லாம் வேலை இல்ல, உன் பயம். முடியாதுன்னு சொல்லத் தெரியாம தலையில ஏத்திக்கிட்டது. இங்க பாரு, மூணு இடத்துல அவசரத்துல தப்பு பண்ணியிருக்கே. அதையும் மறைக்காம எழுதியிருக்கே. அது நல்லது, திருத்திக்கலாம். இதை எடுத்துட்டுப் போய் ஓனர்கிட்ட பேசு.”

சினிமாவா இருந்தா அடுத்த சீன்ல ஓனர் எழுந்து கட்டிப்பிடிச்சிருப்பார். நிஜத்துல, ‘இப்போதைக்கு முடியாதுப்பா’ன்னு சொல்லிட்டார். ஆனா அன்னிக்கு என் நாக்கு ஒட்டிக்கல. ரெண்டு மாசம் கழிச்சு வேற இடத்துல இன்டர்வியூ. ‘என்ன தெரியும்?’னு கேட்டாங்க. நோட்டுல இருந்ததை வரிசையா சொன்னேன். வேலை கிடைச்சது.

சாந்தா வாங்கினதும் கம்மி சம்பளம். நான் வாங்கினதும் கம்மி சம்பளம். வித்தியாசம் எங்கே இருக்கு?

அவங்க கையில ஒரு நல்ல வேலை இருந்தது. அதை வெச்சுக்கிட்டே, தெரிஞ்சே, இன்னொண்ணைத் தேர்ந்தெடுத்தாங்க. அவங்க விட்டுக்கொடுத்த பணம் நோயாளிகளுக்குப் போச்சு. நாளுக்கு நாள் அவங்க திறமை வளர்ந்தது. நான் எதையும் தேர்ந்தெடுக்கவே இல்ல. பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். நான் வாங்காத பணம் ஓனர் பாக்கெட்டுக்குப் போச்சு. முதல் ஆறு மாசத்துக்கு அப்புறம் புதுசா எதையும் கத்துக்கவும் இல்ல.

கம்மி சம்பளம் வாங்கறது தப்பில்ல ஃப்ரெண்ட்ஸ். எதுக்காக வாங்கறோம்னு தெரியாம வாங்கறோம் பாருங்க, அதுதான் நம்மைத் தேய்ச்சிடும்.

பக்கத்து டேபிள்ல தேடுங்க

‘எனக்கு அப்படி ஒரு அண்ணன் எங்கே கிடைப்பார்?’னு கேக்கறீங்களா? வழிகாட்டின்னதும் பெரிய கம்பெனி சி.இ.ஓ.வையும், மேடையில கோட் போட்டுப் பேசுறவரையும் நெனச்சுக்கறோம். பெரும்பாலும் அவர் பக்கத்து டேபிள்லதான் இருப்பார்.

கணித மேதை ராமானுஜனையே எடுத்துக்குங்க. காலேஜ் பரீட்சையில ஃபெயிலானவர். 1912 மார்ச் மாசம் சென்னைத் துறைமுகத்துல கிளார்க் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம் மாசம் 30 ரூபாய். அந்த ஆபீஸ்லயே மேலதிகாரியா இருந்தவர் எஸ்.நாராயண ஐயர். அவரும் கணக்குல புலி. ராத்திரியில ரெண்டு பேரும் ஸ்லேட்டும் கையுமா உட்கார்ந்து கணக்குப் போடுவாங்க.

ராமானுஜனுக்கு ஒரு பழக்கம். பத்துப் படியை ஒரே தாவா தாவி விடைக்குப் போயிடுவார். அவருக்குப் புரியும். மத்தவங்களுக்கு? அதனால நாராயண ஐயர், ‘எனக்குப் புரியற மாதிரி ஒவ்வொரு படியா எழுது’ன்னு வற்புறுத்துவாராம். கவனிச்சீங்களா? ‘நீ மேதைப்பா’ன்னு பாராட்டிட்டு மட்டும் அவர் போயிடல. உள்ளே இருக்கற சரக்கை வெளியில இருக்கறவங்களுக்குப் புரியற மாதிரி காட்டச் சொன்னார். வழிகாட்டியோட வேலையே அதுதான்.

1913 ஜனவரி 16-ம் தேதி கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு ராமானுஜன் எழுதின கடிதம் உலகப் பிரசித்தம். அதுக்கு முன்னாடி இங்கிலாந்துல வேற சில பேராசிரியர்களுக்கு அனுப்பின கடிதங்களால பிரயோஜனம் ஏற்படல. ஆளு சோர்ந்துபோய் உட்காரல, இன்னொரு கடிதம் எழுதினார். அதுல எடுத்த எடுப்பிலேயே, தான் துறைமுகத்துல ஒரு கிளார்க், வருஷத்துக்கு 20 பவுண்டுதான் சம்பளம்னு எழுதிட்டார். மறைக்கல. வெட்கப்படல. அதுக்கப்புறம் பக்கம் பக்கமா தன்னோட தேற்றங்களை அடுக்கினார். சம்பளம் ஒரே ஒரு வரி. மதிப்பு மிச்சப் பக்கம் பூரா!

அதே வருஷம் மே மாசத்துலேர்ந்து சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாசம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1914-ல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 30 ரூபாய் வாங்கின ஆளும் அவர்தான், ராயல் சொசைட்டிக்குள்ள போன ஆளும் அவர்தான். மூளை நடுவுல மாறிடல. அதைப் பார்க்கத் தெரிஞ்ச கண்கள்தான் கூடுச்சு.

நல்ல வழிகாட்டியைக் கண்டுபிடிக்க மூணு அடையாளம் சொல்றேன்.

ஒண்ணு, உங்க தப்பை உங்ககிட்ட நேரா சொல்வார். ஊருக்குச் சொல்ல மாட்டார்.

ரெண்டு, தனக்குத் தெரிஞ்சதை ஒளிச்சு வெச்சுக்க மாட்டார். ‘நீ கத்துக்கிட்டா என் சீட்டுக்கு ஆபத்து’ங்கற பயம் அவருக்கு இருக்காது.

மூணு, இந்த இடத்தைவிட்டு நீங்க போறதுதான் உங்களுக்கு நல்லதுன்னா, போகச் சொல்வார். ‘நான் இல்லேன்னா நீ இல்ல’ன்னு ஒருத்தர் அடிக்கடி ஞாபகப்படுத்தினா, அவர் வழிகாட்டி இல்ல பாஸ், வழிப்பறி!

அம்மாவுக்கு யார் நாற்காலி போடுறது?

இதெல்லாம் பேசி முடிச்சதும் அந்தத் தம்பி கேட்டார், “அண்ணா, சாந்தா அம்மாவுக்குக் கையில இன்னொரு வேலை இருந்துச்சு. எங்க அம்மாவுக்கு அது இல்லையே. அவங்க தன் மதிப்பைத் தெரிஞ்சுக்கிட்டு மட்டும் என்ன பண்ண முடியும்?”

சுருக்குனு தைச்ச கேள்வி. தன்னம்பிக்கைப் புத்தகங்கள் பெரும்பாலும் இந்த இடத்துக்கு வந்ததும் பக்கத்தைத் திருப்பிடும். நாம திருப்ப வேண்டாம்.

காலையில கடை திறந்ததுலேர்ந்து ராத்திரி ஷட்டர் இறங்கற வரைக்கும் நிக்கறதுன்னா என்னன்னு, தீபாவளிக்கு ரங்கநாதன் தெருவுக்குள்ள நுழைஞ்சு வந்த நமக்கு லேசா தெரியும். நமக்கு ரெண்டு மணி நேரம். அவங்களுக்கு வருஷம் பூரா. 2010-ல் வந்த வசந்தபாலனோட ‘அங்காடித் தெரு’ படம் பார்த்தவங்களுக்கு இன்னும் நல்லா தெரியும். ஒரு ஆள் அப்படி நின்னுட்டே தன் மதிப்பைத் தனியா நெனச்சுக்கிட்டா நாற்காலி வந்துடாது.

ஆனா பல பேர் சேர்ந்து கேட்டா வரும். கேரளாவுல கடைகள்ல வேலை பார்த்த பெண்கள், ‘எங்களுக்கு உட்கார உரிமை வேணும்’னு போராடினாங்க. 2018-ல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. நம்ம தமிழ்நாட்டுல 2021 செப்டம்பர்ல, கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துல திருத்தம் வந்தது. கடையில வேலை பார்க்கற எல்லாருக்கும் உட்கார இடம் ஏற்பாடு பண்ணியாகணும், வாய்ப்பு கிடைக்கும்போது அவங்க உட்காரலாம்னு சட்டமே சொல்லுது.

“உங்க அம்மாவுக்கு இது தெரியுமா?”ன்னு கேட்டேன்.

“கடையில ஸ்டூல் போட்டிருக்காங்களாம். உட்கார்ந்தா சூப்பர்வைசர் மொறைப்பார்னு யாரும் உட்கார மாட்டாங்களாம்.”

பார்த்தீங்களா? ஸ்டூல் வந்தாச்சு. ‘உட்காரலாம், நமக்கு அந்த உரிமை இருக்கு’ங்கற நெனப்பு இன்னும் வரல. என்னோட கேபின் கதவு கதைதான் இதுவும். சட்டம் ஸ்டூலைத்தான் போடும். உட்கார்றதுக்கு தைரியம் வேணும். அந்த தைரியம் தனியா வராது, பக்கத்து செக்‌ஷன் அக்காவும் சேர்ந்து உட்கார்ந்தா வரும். அம்மாகிட்ட உட்கார்ந்து இதைப் பேசச் சொன்னேன்.

உங்களுக்கும் சொல்றேன். முதல் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி, சட்டம் என்ன சொல்லுதுன்னு கொஞ்சம் தெரிஞ்சு வெச்சுக்குங்க. 1961-லேர்ந்தே அப்ரண்டிஸ் சட்டம்னு ஒண்ணு இருக்கு. அந்தச் சட்டத்தின் கீழ் பயிற்சிக்குச் சேர்க்கற ஆளுக்கு மாசாமாசம் உதவித்தொகை கொடுத்தாகணும். ‘ட்ரெயினிங்தானே, சும்மா வா’ன்னு கூப்பிட்டா, எந்த முறையில எடுக்கறீங்க, எத்தனை மாசம், அதுக்கப்புறம் என்னன்னு எழுத்துல கேளுங்க. ‘ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்துட்டுப் போ’ன்னு சொன்னா, ‘பார்த்துட்டுத் தந்துடுங்க, ஜெராக்ஸ் கொடுக்கறேன்’னு சொல்லிப் பழகுங்க. மரியாதையா சொல்லலாம். பயந்து சொல்ல வேண்டியதில்ல.

அந்தத் தம்பி என்ன முடிவு பண்ணினார்?

நான் முடிவு சொல்லல. மூணு கேள்வியை எழுதிக் கொடுத்தேன். எந்த ஆஃபர் வந்தாலும் நீங்களும் கேட்டுப் பார்க்கலாம்.

இந்த வேலையை நான் தேர்ந்தெடுக்கறேனா, இல்ல பயத்துல ஒட்டிக்கறேனா?

ஒரு வருஷம் கழிச்சு, இன்னிக்கு எனக்குத் தெரியாத எது தெரிஞ்சிருக்கும்? அதை யார் சொல்லிக் கொடுப்பாங்க?

விட்டுட்டுப் போகணும்னா, போற வழி திறந்திருக்கா?

இன்னொண்ணும் சொன்னேன். வீட்டுல பணம் தேவைன்னா, அதிக சம்பளம் வர்ற வேலையை எடுக்கறதுல ஒரு துளி கேவலமும் கிடையாது. கனவைத் தள்ளிப் போடலாம். தூக்கிப் போடாம இருந்தா போதும். சாந்தா செஞ்சது சரி. அதையே எல்லாரும் செய்யணும்னு சொன்னா, அது அந்தத் தம்பியோட அம்மா காலைப் பார்க்காத பேச்சு.

போன வாரம் அவர்கிட்டேர்ந்து மெசேஜ் வந்தது.

“அண்ணா, ஆடிட்டர் ஆபீஸ் போய் நேரா கேட்டேன். ஒரு வருஷத்துக்கு அப்புறம் சம்பளம் எவ்ளோன்னு அவங்களால சொல்ல முடியல. ஆனா அங்க இருந்த சீனியர் ஒருத்தர், ‘சனிக்கிழமை வாப்பா, ஜி.எஸ்.டி. ஃபைலிங் சொல்லித் தர்றேன்’னார். கால் சென்டர்ல சேர்ந்துட்டேன். ஒரு வருஷம்தான்னு நோட்டுல தேதி போட்டு வெச்சிருக்கேன். சனிக்கிழமை அந்த அண்ணன்கிட்ட போறேன்.”

அடுத்த மெசேஜ் ஒரு நிமிஷம் கழிச்சு.

“அம்மா நேத்து பத்து நிமிஷம் ஸ்டூல்ல உட்கார்ந்தாங்களாம். பக்கத்து செக்‌ஷன் அக்காவும். சூப்பர்வைசர் மொறைச்சாராம். எந்திரிக்கலயாம்.”

ரெண்டாவது மெசேஜை நான் மூணு தடவை படிச்சேன்.

இந்த வார ஹோம் ஒர்க்: ஒரு நாற்பது பக்க நோட்டு. விலை ரொம்ப ஜாஸ்தி இருக்காது! தினமும் ராத்திரி, அன்னிக்கு நீங்க உருப்படியா செஞ்ச ஒண்ணு, சொதப்பின ஒண்ணு, பயந்து ஒத்துக்கிட்ட ஒண்ணு... இந்த மூணையும் எழுதுங்க. பொய் கூடாது. பெருமையும் வேண்டாம், புலம்பலும் வேண்டாம். ஒரு மாசம் கழிச்சு, நீங்க நம்புற ஒருத்தர் கையில அந்த நோட்டையும் ஒரு சிவப்புப் பேனாவையும் கொடுங்க.

டிக் எத்தனைன்னு எனக்கும் எழுதுங்க. அடிச்சது எத்தனைன்னும்!

அடுத்த வாரம் பார்ப்போம் ஃப்ரெண்ட்ஸ்!